கிரவல் பைக்கும் நட்டாங்கண்டல் பாதையும்

மாசி மாதம் ரொறன்ரோவில் இருந்து மச்சான் வந்து இறங்கியபோது கூடவே ஒரு பெரிய காட்போட் பெட்டியும் வந்தது. ரீவி என்று நினைத்து அம்மா மேசையைத் துடைத்து இடம் ஒதுக்கியும் வைத்துவிட்டா. பிரித்துப் பார்த்தால் சில்லு வேறு ஹாண்டில் வேறாகக் கழற்றி அடுக்கிய ஒரு சைக்கிள்.

"கிரவல் பைக் மச்சான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிடங்கில் வெட்டி, டிப்பரில் ஏற்றி, ஒழுங்கையில் கொண்டுவந்து பறிக்கிற சிவத்த மண்ணும் உருண்டைக் கல்லும்தான் எங்களுக்குக் கிரவல். அப்பா நெல் மூட்டை கட்டின ரலி, அக்கா பள்ளிக்கூடம் போன லேடீஸ் சைக்கிள், 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய் நான் வாங்கின லுமாலா, எல்லாமே பிறந்த நாள் முதல் கிரவலில் ஓடினவைதான். இப்படி ஒரு பட்டம் இருப்பது தெரியாமல் ஓடியிருக்கிறோம்.

விலையைச் சொன்னான். இங்கே எழுதமாட்டேன், அம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்கள்.

அன்றிரவு சாப்பிடும்போது கதை அதைப் பற்றித்தான். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்றொரு ஊராம். வருசா வருசம் அங்கே கிரவல் பாதையில் 200 மைல் ஓட்டப்போட்டி வைக்கிறார்களாம், கிட்டத்தட்ட 320 கிலோமீற்றர். அந்தப் பக்கத்துக் குன்றுகளில் கிடக்கிற கல் சக்கிமுக்கிக் கல், கத்தி மாதிரி ரயரைக் கிழிக்குமாம். அம்மா புட்டைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டா:

"ஏன், ஆர் அவையைத் துரத்தினது?"

மச்சானிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து வெளிக்கிட்டோம். மாசிதான் இதற்குச் சரியான காலம். மாரி முடிந்திருக்கும், குளம் முட்ட நிற்கும், காலபோக வெட்டு நடந்துகொண்டிருக்கும், புழுதி இன்னும் எழும்பியிராது. கார்த்திகையில் வந்தால் பாதி மதகுக்கு மேலால் தண்ணீர் பாயும். வைகாசிக்குப் பிறகு என்றால் சோளகக் காற்று முகத்தில் அறையும். காலை ஐந்தரைக்கு, முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிற மல்லாவிச் சந்தியில் தேத்தண்ணி குடித்தோம். மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கனடாக்காரன்தான் முதலில் நடுங்கினான்.

வவுனிக்குளம் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை, தார் ரோட்டு. குளக்கட்டில் ஏறியதும்தான் சைக்கிள் ஓடுகிற மாதிரி இருந்தது. பாலியாற்றை மறித்துக் கட்டின குளம் இது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல், நடுவில் இரண்டு சில்லுத்தடமும் இடையில் ஒரு வரிசைப் புல்லும். தண்ணீருக்குள் நின்று செத்த மரங்களில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயப்போட்டிருந்தன. தண்ணீர் திறக்கிற துருசுக்குப் பக்கத்தில் மீன் நிறுத்துக்கொண்டிருந்த பொடியன் ஒருவன் தராசைக் கீழே வைத்துவிட்டு வந்து மச்சானின் ரயரை அமுக்கிப் பார்த்தான். "அண்ணை, காத்துப் போட்டுது" என்றான்.

போகவில்லை. வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தான். இந்த இடத்தில் என் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருசமாக நான் ரயரைக் கல்லு மாதிரி இறுக்கிக் காற்றடித்துத்தான் ஓடியிருக்கிறேன், பாரம் கட்டுகிற ஊர்ப் பழக்கம் அது. அவனுடையது 40 மில்லிமீற்றர் அகல ரயர். காற்று அரைவாசிதான். கல்லுக்கு மேல் ஏறும்போது ரயர் நெளிந்து கல்லை விழுங்கிவிட்டுப் போகிறது. என்னுடையது ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளி முதுகெலும்பு வரைக்கும் செய்தி அனுப்பியது. பாண்டியன்குளம் போவதற்குள் நானும் கொஞ்சம் திறந்துவிட்டேன். முதலே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் கிரவலைப் படிக்கிற விசயத்தில் அவன் என்னிடம்தான் வரவேண்டும். புதிதாகப் பறித்த கிரவல் சைக்கிளுக்கு எமன். உருண்டைக் கல் கீழே உருள, முன்சில்லு தன்பாட்டில் போகும். ஒரு மழை பெய்து, உழவு மெசின் நாலு தரம் மிதித்தால் இறுகிச் சீமெந்து மாதிரி வந்துவிடும், அதுதான் நல்ல காலம். இரண்டு மாரி கழிய மண் கழுவுப்பட்டுக் கல் மட்டும் மிஞ்சும். அதற்குள் டிப்பர்கள் வேகமாக ஓடத் தொடங்கினால் பாதை கூரைத் தகரம் மாதிரி மடிப்பு மடிப்பாக எழும்பும். சில்லு ஒருக்கால் துள்ளி விழுந்த இடத்தில் பள்ளம், அடுத்த சில்லு அதே பள்ளத்தில் விழுந்து இன்னும் ஆழமாக்கும், இப்படியே பெருகும். அந்த மடிப்பில் நடுவால் போகக்கூடாது. கரையோரம் மாடு நடந்த ஒற்றைத் தடம் ஒன்று எப்போதும் இருக்கும். மாடு குலுங்கிக்கொண்டு நடக்கிற விசர்வேலை செய்யாது.

நட்டாங்கண்டல் தாண்டினால் காடு கிட்ட வந்துவிடுகிறது. பாலை, வீரை, முதிரை, இடைக்கிடை கருங்காலி. ஆற்றுப் பக்கம் இறங்கினால் மருது, அடியில் வேர் தெரிய. இந்தப் பக்கத்துப் பாதைகள் பல முந்தின வண்டிப்பாதைகள். மடுத் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டிச் சட்டி பானையோடு காட்டுக்குள்ளால் போன கதையை அப்பம்மா சொல்லுவா. அவ சைவம், ஆனால் ஆவணித் திருவிழாவுக்கு மாதாவிடம் போகாமல் விட்டதில்லை.

காட்டின் வாசலில் ஒரு மாட்டுப்பட்டி. பட்டிக்காரர் எங்களை மறித்தார்.

"தம்பியவை எங்கால?"

"சும்மா ஓடிப் பாக்க ஐயா."

"சும்மாவோ?" அவரும் அம்மா மாதிரித்தான் பார்த்தார். "விடியப்புறம் யானை குறுக்கால போனது. லத்தி இன்னும் சூடு ஆறேல்ல. ஒன்பது மணிக்குப் பிறகு போங்கோ."

ஒன்பது மணி வரைக்கும் அவர் தந்த மோரைக் குடித்துக்கொண்டு கொட்டில் நிழலில் இருந்தோம். பிறகு அவரே கொஞ்சத் தூரம் கூட வந்து, ஒரு குழையை முறித்து மரத்தடியில் கல்லுக்கு முன்னால் வைத்தார். ஐயனாருக்கு. மச்சான் போனை எடுத்தான், நான் தடுத்தேன், அவனும் ஒரு குழை முறித்து வைத்தான்.

அவனுடைய ஹாண்டிலில் பூட்டியிருந்த வரைபடக் கருவி அங்கேயிருந்து மேற்கே ஒரு பாதை காட்டியது. மெல்லிய கோடு, கடைசியில் பாலியாற்றைத் தொடுகிறது. அழகாகத்தான் இருந்தது. நான் இறங்கி நிலத்தைப் பார்த்தேன். இலைக்குப்பை. சில்லுத்தடம் இல்லை, மாட்டுக் குளம்பும் இல்லை.

"இதால போகேலாது."

"மப்பில இருக்கே மச்சான்."

"நிலத்தில இல்லையே."

சண்டை முடிந்து 2009 கடைசியில் திரும்பி வந்தபோது ரோட்டோரம் எல்லாம் மிதிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். அப்பா எங்களை வரிசையாக நடக்கவிட்டு, "சில்லுத்தடத்தில காலை வை, சில்லுத்தடத்தில காலை வை" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். வீடு என்று அங்கே ஒன்றும் இருக்கவில்லை, கிணறு மட்டும் இருந்தது. பலகைகளைப் பிறகு பிடுங்கிவிட்டார்கள், துப்புரவாக்கி முடிந்தது என்றும் சொன்னார்கள். எனக்குத்தான் அந்தப் பழக்கம் விடவில்லை. மூத்திரம் பெய்யக்கூட நான் தடத்தை விட்டு இறங்கமாட்டேன். மச்சான் 1998இல் போனவன். ஒன்றும் கேட்காமல் சைக்கிளைத் திருப்பினான்.

திரும்பி வரும்போது, "மலை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டான். இருக்கிறது, கிழக்கே. தண்ணிமுறிப்புப் பக்கம் குருந்தூர் மலை, நெடுங்கேணிப் பக்கம் வெடுக்குநாறி மலை. இரண்டும் ஏறிமுடிக்க அதிக நேரம் பிடிக்கிற உயரமில்லை. ஏறுவதில் உள்ள மற்றக் கரைச்சல்களை, கோயிலா விகாரையா என்கிற இழுபறியை, பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு முத்தையன்கட்டுக் குளத்துக்கு ஏறச் சொல்லுவேன். இடதுகரை, வலதுகரை வாய்க்காலோரம் நிழலோடு கிரவல் பாதை இருக்கிறது.

அன்று முழுக்க 54 கிலோமீற்றர். மச்சான் போகும்போது சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனான், அடுத்த முறை வரும்வரைக்கும் ஓடச்சொல்லி.

ஆனியில் தனியே அதே பாதையால் போனேன். சோளகத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு போகவேண்டியிருந்தது. வழியெல்லாம் பாலைப்பழம். ஒரு பை நிறையச் சாப்பிட்டேன், உதடு பாலில் ஒட்டி வாய் திறக்க முடியவில்லை. பாண்டியன்குளம் தாண்டி உள்ளுக்குப் போகிற பாதையில் சல்லி கும்பி கும்பியாகப் பறித்திருந்தார்கள், தார்ப் பரல்களும் நின்றன. காப்பெற் போடப்போகிறார்கள். வட்ஸப்பில் படம் அனுப்பினேன். "ஐயோ, அந்த வடிவான கிரவல்!" என்று மச்சான் எழுதினான்.

என் தங்கச்சி 2011இல் பிள்ளைப் பேற்றுக்கு அந்தப் பாதையால்தான் வந்தாள், லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில், நெல்லுச் சாக்குகளுக்கு மேல் படுத்தபடி. தகரமடிப்பு ஒவ்வொன்றுக்கும் அவள் கத்தினது எனக்கு இப்போதும் காதில் கேட்கும். கொஞ்சம் மெதுவாகப் போனால் நேரம் போகும், வேகமாகப் போனால் பெட்டி துள்ளும். ரோட்டுப் போடச்சொல்லிக் கொடுத்த மகஜரில் நானும் கையெழுத்து வைத்தவன்தான். அதை மச்சானுக்கு எழுதவில்லை, "ஓம், வடிவுதான்" என்று மட்டும் எழுதினேன். அதுவும் பொய்யில்லை.

திரும்புகிற வழியில் உடைமுள் ஒன்று ஏறிப் பின்ரயர் இருந்துவிட்டது. அந்த ரயருக்குள் ரியூப் கிடையாது, பால் மாதிரி ஒரு திரவம் விட்டிருப்பான். முள் குத்தினால் அது கசிந்து தானே ஓட்டையை அடைக்கும். எங்கள் வெயிலுக்கு நாலு மாதத்தில் அது காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக் கிடந்தது. உருட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நடந்து சைக்கிள் கடைக்கு வந்தேன்.

கடைக்கார அண்ணை ரயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ரியூப்பைத் தேடினார். இல்லை என்றேன். "களவெடுத்துப் போட்டாங்களோ?" என்றார். பிறகு லுமாலாவுக்குப் போடுகிற 28 இஞ்சி ரியூப் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார், அளவு கச்சிதம். வால்வுதான் மொத்தம், ரிம்மின் ஓட்டைக்குள் போகவில்லை. யோசித்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ட்ரில்லரை எடுத்து ஒரு அழுத்து. அலுமினியத் தூள் நிலத்தில் மினுங்கியது. காசு இருநூற்றைம்பது ரூபாய் மட்டும் வாங்கினார், ரியூப்புக்கு. ஓட்டைக்கு ஒன்றும் எடுக்கவில்லை.

அன்று முதல் கிரவல் பைக் ஒரு கரைச்சலும் இல்லாமல் ஓடுகிறது. மச்சான், நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். பின்சில்லை மட்டும் பார். அரத்தால் ராவிவிட்டேன், ஓட்டை ஒழுங்காகத்தான் இருக்கிறது.