பொருக்கைத் துடைக்காமல் விட்ட 5 நாட்கள்

என் பூனையின் காது மடலில் மஞ்சளாக ஒரு பொருக்கு தெரிந்தபோது, சண்டையில் பட்ட கீறல் என்றுதான் நினைத்தேன். வெதுவெதுப்பான உப்பு நீரில் துடைத்துவிட்டேன். பத்து நாளில் இன்னொரு காதிலும் மூக்குத் தண்டிலும் அதே பொருக்கு. அப்புறம் நகங்களின் அடியில் கெட்டியான சீழ். நடக்கும்போதே பாதத்தை உதறும்.

முதலில் பார்த்த மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி எதுவும் இல்லை. படர்தாமரையாக இருக்கலாம் என்று முடியைப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரவில்லை என்பதை மட்டும் வைத்துப் படர்தாமரை இல்லை என்று முடிவு செய்ய முடியாதாம். அது மனிதருக்கும் ஒட்டும் என்பதால், முடிவு வரும்வரை 3 வாரம் அவளைத் தனி அறையில் வைத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு இருப்பதுதான் இந்த முழுக் காலத்திலும் கடினமாக இருந்தது. பூஞ்சை இல்லை என்று வந்தது. ஆனாலும் என்ன நோய் என்று தெரியாததால் கதவைத் திறக்கவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் பொருக்கு நிற்கவில்லை.

தோல் நோய் பார்க்கும் இரண்டாவது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் துடைக்கிறீங்களா?" ஆமாம் என்றேன். "இனிமேல் எதையும் துடைக்காதீங்க. களிம்பும் வேண்டாம். 5 நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

நான் அக்கறையோடு அகற்றிக்கொண்டிருந்த பொருக்குதான் நோயைக் காட்டும் சாட்சி. அவர் ஒரு பொருக்கை மெல்லத் தூக்கி, அடியில் இருந்த ஈரத்தில் கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்தார். நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளணுக்களுக்கு நடுவே உருண்டை உருண்டையாகத் தோல் செல்கள். ஒன்றையொன்று பிடித்திருக்க வேண்டியவை, பிடி விட்டுத் தனித்தனியாக மிதந்தன. கிருமித் தொற்றிலும் சில வகைப் படர்தாமரையிலும்கூட இப்படித் தெரியலாம். அதனால்தான் அந்த 3 வாரக் காத்திருப்பு வீண் இல்லை என்றார்.

பயாப்சிக்குப் பல இடங்களில் பொருக்கோடு சேர்த்தே தோலை எடுத்தார். அந்த இடத்தை மழிக்கவோ தேய்த்துக் கழுவவோ இல்லை. அதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் முடிவு மங்கிப்போயிருக்கும். அறிக்கையில் வந்த பெயர் பெம்பிகஸ் ஃபோலியேசியஸ். உடலின் எதிர்ப்பு சக்தியே தோல் செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தாக்கும் நோய். யாருக்கும் ஒட்டாது. அன்றே அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

மருந்து ப்ரெட்னிசோலோன், எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஒரு ஸ்டீராய்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ப்ரெட்னிசோனை வாங்கிவிடக் கூடாது. பூனையின் உடல் அதை ப்ரெட்னிசோலோனாகச் சரியாக மாற்றிக்கொள்ளாது. இதே நோய்க்கு நாய்களுக்குக் கொடுக்கும் அசதியோபிரைன் மருந்து பூனைக்கு ஆபத்து, எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும். ஸ்டீராய்டைக் குறைக்க முடியாவிட்டால் சைக்ளோஸ்போரின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கலாம் என்றார்; எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டு வாரத்தில் புதுப் பொருக்கு வருவது நின்றது. ஆனால் தண்ணீர் குடிப்பதும் பசியும் கூடின. ஸ்டீராய்டால் நீரிழிவு வரலாம் என்பதால் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே, மாதக்கணக்கில் சிறிது சிறிதாக அளவைக் குறைத்தோம். நன்றாகிவிட்டதே என்று நாமாகத் திடீரென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை. தினமும் இரவில் மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நகத்தின் அடியையும் பார்க்கிறேன். பாதத்தை இழுத்துக்கொள்ளாமல் கொடுக்கிறாள்.