டுப்ரோவ்னிக்கில் ஒரு பகல்

செப்டம்பர் 17, செவ்வாய், இரவு

நாளைக்கு குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக். எட்டு மணிக்கு இறங்கலாம், நாலரைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். கப்பல்காரர்கள் கூட்டிப்போகும் சுற்றுலாவுக்குக் கேட்ட காசைப் பார்த்ததும், நாமே போய்க்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மனைவியின் முழங்கால்தான் கவலை.

செப்டம்பர் 18, புதன்

கப்பல் நின்றது க்ரூஜ் துறையில். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, மதில் சூழ்ந்த பழைய ஊரின் பீலே வாசல். எங்களுக்கு முன்பே திருவிழாக் கூட்டம்.

உள்ளே போனதும் பதினாறு பட்டை வைத்த பெரிய கல்தொட்டி. 1438இல் ஓனோஃப்ரியோ என்ற இத்தாலியக் கட்டடக்காரர் கட்டியது. பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி ஊற்றுநீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார். கல்முகங்களின் வாய்வழியே இன்னும் தண்ணீர் கொட்டுகிறது. இவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க ஏறிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

மதில்மேல் நடக்க 35 யூரோ கேட்டார்கள். கொள்ளைதான், ஆனாலும் கொடுத்தேன். சுற்று 1,940 மீட்டர், எல்லாரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். ஒருபக்கம் நீலக்கடல், மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கொடியில் காயும் துணி, மொட்டைமாடியில் ஒரு பூனை.

நான் நின்றது மிஞ்சேட்டா கோபுரத்தில். மொத்த ஊரின் கூரையும் காலடியில். முதலில் ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் உற்றுப்பார்த்தால் இரண்டு நிறம். கறுத்து, பாசி பிடித்து, வரிசை கோணலாகக் கிடப்பவை பழைய ஓடுகள். அவை குறைவு. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தவை போருக்குப் பின் போட்டவை. 1991 அக்டோபரில் யூகோஸ்லாவிய ராணுவம் ஊரை முற்றுகையிட்டு, மலையிலிருந்தும் கடலிலிருந்தும் குண்டு போட்டது. டிசம்பர் 6தான் மிக மோசமான நாள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1979லேயே சேர்ந்துவிட்ட ஊர், அதற்காகக் குண்டுவீச்சு நிற்கவில்லை. மதிலுக்குள் 824 கட்டடங்களில் 563இல் குண்டு விழுந்தது.

எங்கள் ஊர் வீட்டில் பின்கட்டு மட்டும் ஓடு மாற்றினோம். பழையதும் புதியதும் ஒட்டாமல் பத்து வருஷம் தேமல் மாதிரி இருந்தது. இங்கே ஊருக்கே தேமல்.

இறங்கி வந்து ஸ்த்ராதூன் வீதியில் நடந்தோம். தரைக்கல் தேய்ந்து கண்ணாடி போல வழுக்குகிறது; இவள் என் கையை விடவே இல்லை. 1667 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுப்பிய வீடுகளாம், எல்லாம் ஒரே அச்சு. கடைகளுக்குக் கதவும் ஜன்னலும் ஒரே வளைவுக்குள், ஜன்னல் பாதியே கல்லாமேடை. அவர்கள் மொழியில் இந்த அமைப்புக்கு முழங்காலை வைத்துத்தான் பெயர் என்றேன். "இங்கேயும் அதுதானா" என்றாள்.

ஐஸ்கிரீம் விலையை எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

கெண்டைக்கால் கெஞ்சுகிறது. கிழக்கு வாசலுக்கு வெளியே இருக்கும் லாசரெட்டியை, நோய்க்காலத்தில் வெளியூர்க்காரர்களைத் தனிமையில் வைத்த பழைய கட்டடங்களை, விட்டுவிட்டோம். கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களைத் தனியே வைக்க 1377லேயே சட்டம் போட்ட ஊர் டுப்ரோவ்னிக். போனில் பார்த்தால் ஓட்டுக்கூரைப் படமே எழுபதுக்குமேல். இவள் படம் ஒன்று, பாட்டிலோடு.

நாளைக்குக் கோர்ஃபு. அங்கேயும் கோட்டையாம். எத்தனை படி என்று இப்போதே கேட்கிறாள்.