மிக்ஸிங்: ஃபேடரை மட்டும் நம்பி ஒரு பாட்டு

இந்த முறை பிளகின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) எதுவும் போடுவதில்லை, ஃபேடரும் (ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது) பேனும் (ஒலியை இடம் வலமாக நகர்த்துவது) மட்டும் வைத்து ஒரு பாட்டு எவ்வளவு தூரம் தேறுகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மென்பொருள் ரீப்பர், 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். பாட்டு, ஒலிப்பொறியாளர் மைக் சீனியரின் கேம்பிரிட்ஜ் மியூசிக் டெக்னாலஜி தளத்திலிருந்து. மிக்ஸ் செய்யாத, அதாவது ஒன்றாகக் கலக்காத, தனித்தனி ட்ராக்குகளைப் (குரல், கருவி ஒவ்வொன்றின் பதிவு) பயிற்சிக்கென்றே அங்கே இலவசமாகத் தருகிறார்கள். நம் சொந்தப் பதிவு இல்லையென்பதே பெரிய நிம்மதி. ஒலிவாங்கி வைத்த விதம் சரியா, பாடியது சரியா என்ற கவலையெல்லாம் கிடையாது.

எல்லா ஃபேடரையும் இறக்கிவிட்டு, குரலை முதலில் ஏற்றினேன். பிறகு டிரம்ஸ், பேஸ், கடைசியில் கிட்டார்கள். எல்லாம் சேர்ந்து வெளிவரும் மாஸ்டரில் உச்சம் -6 டிபியை (டெசிபல்) தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். முழுக்க மோனோவில் (இடமும் வலமும் ஒன்றாக) கேட்டுச் சமன் செய்து, அதன்பிறகே இரண்டு கிட்டாரையும் இடமும் வலமுமாகப் பிரித்தேன். மோனோவில் குரல் புரிந்துவிட்டால் ஸ்டீரியோவில் சொல்லவே வேண்டாம், தாராளமாகப் புரிகிறது.

அப்புறம்தான் முக்கியமான கட்டம்: வெளிவந்த பாட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. ஆரம்பநிலையில் மனசு உடைவது பெரும்பாலும் இங்கேதான் என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டு மாஸ்டரிங் (வெளியிடுவதற்கு முன் செய்யும் கடைசி மெருகு) முடிந்தது. இயல்பிலேயே சத்தம் அதிகம். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸும் உச்ச அதிர்வெண்களும் காதுக்குக் குறைவாகவே எட்டுகின்றன என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே அந்த ட்ராக்கை, இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை இறக்கினேன். நல்ல இறக்கம்தான். இறக்கியபின் வித்தியாசம் இருந்தது, ஆனால் மலைப்பு இல்லை. என் மிக்ஸில் குரல் சற்றுப் பின்னால் நிற்கிறது, கிட்டார் கலங்கலாக இருக்கிறது: இரண்டே குறை, இரண்டுக்கும் பெயர் சொல்ல முடிந்தது. 'ஏதோ சரியில்லை' என்று தவிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

கலங்கலுக்கு மட்டும் விரதத்தை முறித்து ஈக்யூ (அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பிளகின்) போட்டேன். கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 300 ஹெர்ட்ஸையொட்டிக் கொஞ்சம் குறைத்தேன். சோலோவில் (தனியாக) கேட்டால் கிட்டார் மெலிந்து, பாவமாக இருக்கிறது. கேட்கிறவர்கள் யாரும் சோலோ பட்டனை அழுத்தப்போவதில்லை என்பதால் அப்படியே விட்டேன். ஈக்யூவின் வெளியீட்டையும் பழைய சத்தத்துக்கே கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு பைபாஸைப் (ஈக்யூவைத் தற்காலிகமாக விலக்கும் பட்டன்) போட்டு எடுத்துப் பார்த்தேன். எது நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தது. தெரியாமல் போயிருந்தால் கழற்றியிருப்பேன்.

போன் ஸ்பீக்கரிலும் கேட்டாயிற்று. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) காணாமல் போகிறது, அது எதிர்பார்த்ததுதான்; பேஸ் கிட்டாரின் மேல்சுரங்களாவது கொஞ்சம் கேட்கின்றன. குரலில் மட்டும் ஒரு சிக்கல் பாக்கி. சரணத்தில் சில வரிகளின் கடைசிச் சொல் அமுங்குகிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசரை இன்னும் தொடவில்லை. முதலில் அந்தச் சொற்களை மட்டும் ஆட்டோமேஷனில் (ஃபேடர் தானாக நகரும்படி குறித்துவைப்பது) ஒன்றிரண்டு டிபி தூக்கிப் பார்க்கிறேன்.