எட்டு மணி நேரச் சம்பளம்

கோலாலம்பூர், செந்தூல் ஒட்டுக்கடையில் காலையில் பக்கத்து மேசைப் பாதுகாவலர் அண்ணன் சம்பளச் சீட்டை விரித்து வைத்துப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 2025 பிப்ரவரியில் மலேசியாவில் வந்த குறைந்தபட்சச் சம்பளம், அதற்கு முன் 1,500.

ஓவர்டைம் என்ற வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. "இது இல்லன்னா வீட்டு வாடகை இல்ல தம்பி. தினம் பன்னிரண்டு மணி நேரம் நிக்கிறேன்."

ஓட்டுப் போடுவீங்களா அண்ணே என்று கேட்டேன். "போட்டு?" என்றார், அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல் என்னை விடவே இல்லை. இதே மக்கள்தான் 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்த பிறகு ஒவ்வொரு கடை ரசீதிலும் அந்த வரியைப் பார்த்துப் பார்த்துக் கொதித்து, 2018 மே 9 அன்று, அதுவும் ஒரு புதன்கிழமை, வரிசையில் நின்று, சுதந்திரம் முதல் ஆண்ட கூட்டணியை இறக்கினார்கள். மேடைகளில் ஊழல் பற்றித்தான் அதிகம் பேசினார்கள், சரி, ஆனால் வீடுகளில் பேசப்பட்டது விலைவாசி.

ஜூன் 1-இல் ஜிஎஸ்டி பூஜ்யமானது. செப்டம்பரில் எஸ்எஸ்டி, அதாவது பழைய விற்பனை, சேவை வரி, திரும்பி வந்தது. அப்புறம் அடுத்தடுத்துப் பிரதமர்கள் மாறினார்கள். வாடகை மட்டும் இறங்கவே இல்லை.

கோபத்தில் கட்சி மாற்றிப் போடுபவர் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார். சலித்துப்போய் வீட்டிலேயே இருந்துவிடுபவரை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அடுத்த முறை வேட்பாளர் யார் வாசலுக்கு வந்தாலும், எட்டு மணி நேரம் மட்டும் உழைத்து இந்த ஊரில் ஒரு குடும்பம் எப்படி வாழ்வது என்று முதலில் கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள்.