கண்ணாடியைக் கழட்டினதும் மியூட்

எங்கள் கிளைச்சபைக்கு வீடியோ 90 விநாடி தாமதமாகத்தான் போகும். வேண்டுமென்றே வைத்த தாமதம். பாட்டெல்லாம் அங்கேயே அவர்கள் டீம் பாடிக்கொள்ளும். பாஸ்டர் ஐயாவின் செய்தி மட்டும், நான் வீடியோ பார்த்துக்கொள்கிற மெயின் சர்ச்சிலிருந்து லைனில் போகும். சென்னையில் எந்தத் தெருவில் எப்போது பள்ளம் தோண்டி ஃபைபரை அறுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? எஸ்ஆர்டி என்று இணையத்தில் வீடியோ அனுப்பும் முறை ஒன்று உண்டு, அதில் வழியில் விட்டுப்போன தகவல் துண்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்காக அது காத்திருக்கிற நேரம், நாம் மாற்றாதவரை, 120 மில்லிசெகண்ட்தான். கூட்டி வைத்தாலும், லைன் அரை நிமிஷம் செத்துக் கிடந்தால் அது தாங்காது. 90 விநாடி கையிருப்பு இருந்தால், 4ஜி மோடம் எடுத்துக்கொள்வதற்குள் அங்கே திரை கறுத்துப்போகாது.

இவ்வளவும் சொல்வது, அந்தத் தாமதம் எதையும் மறைக்க வைத்ததல்ல என்று எனக்கே சொல்லிக்கொள்ளத்தான்.

அன்று கடைசி ஜெபத்தில் ஐயா ஒரு சகோதரியின் பெயரைச் சொன்னார். பெயரோடு நிறுத்தியிருக்கலாம். கணவர் வீட்டை விட்டு வந்துவிட்டதையும் சொல்லி, அந்த மகளுக்காகச் சபையார் கைகளை உயர்த்தச் சொன்னார். அவரிடம் தனியாகச் சொல்லியிருந்த விஷயம். அந்தப் பெண்ணின் அக்கா கிளைச்சபையில் மாமியார், நாத்தனாரோடு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது என்று என் மனைவி சொல்லி எனக்குத் தெரியும்.

ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து இறக்கிவிட்டு, அங்கே மிக்ஸரில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, இப்ப ஐயா கர்ச்சீப் எடுத்து நெத்தியைத் துடைப்பாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டுவாரு. கழட்டினதும் வீடியோ சேனலை மியூட் பண்ணு. திரும்பப் போட்டதும் எடுத்துடு."

"என்னண்ணா, தீர்க்கதரிசனமா?"

"சொன்னதைச் செய்டா."

"ஜெபத்துலயா? யாராவது கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

கொஞ்சம் தயங்கிக் கேட்டான்: "ஐயாவுக்குத் தெரியுமாண்ணா?"

"டைம் இல்லப்பா" என்றேன்.

டைம் நிஜமாகவே இல்லை. ஐயா ஆசீர்வாதத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், கேமரா 2 என் வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் டைம் இருந்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

கிளையின் நடுத்திரையில் ஐயாவை ஒரே ஷாட்டில், தலை முதல் கால் வரை, ஆள் அளவுக்குக் காட்டுவோம். வேறு ஷாட்டுக்கு வெட்டுவதே இல்லை. அவர் அங்கேயே நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். ஆக, ஐயா கண்ணை மூடி வாயசைத்ததையும் கையை உயர்த்தியதையும் எல்லோரும் பார்த்தார்கள். சத்தம் மட்டும் இல்லை. பலர் திரும்பித் தம்பியை முறைத்தார்களாம். என் பெயரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. லைன் பிரச்சினை என்றிருக்கிறான்.

டிவியிலும் இது உண்டு என்று நினைத்துக்கொண்டேன். 2004-இல் சூப்பர் பௌல் என்கிற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் நேரலையில் ஒரு பாடகியின் ஆடை விலகிய சர்ச்சைக்குப் பிறகு அமெரிக்காவில் ஏபிசி டிவி ஆஸ்கர் விழாவையே 5 விநாடி தாமதமாகத்தான் ஒளிபரப்பியது. ஆனால் அங்கே தாமதம் வைத்ததே வெட்டுவதற்குத்தான், ஊருக்கே அது தெரியும். எங்கள் சபையார் பார்ப்பதை லைவ் என்றே நம்புகிறார்கள். நாங்களும் போஸ்டரில் அப்படித்தான் போடுகிறோம்.

மாலையில் யூடியூபில் ஏற்றும்போது அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். அதற்கு ஐயாவே மறுநாள் கூப்பிட்டு, "நல்ல வேளைப்பா, வாய் தவறிடுச்சு" என்றார். அப்போது கிளையில் மியூட் செய்ததையும் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. யூடியூப் எடிட்டிங் என் வேலை, அதில் எனக்கு உறுத்தல் கிடையாது. மற்றது யாருடைய வேலை என்று இன்னமும் தெரியவில்லை.

அந்த அக்காவை உபவாச ஜெபத்தன்று பார்த்தேன். வீட்டில் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"தம்பி, அன்னைக்கு எங்க பக்கம் மட்டும் சவுண்டு போச்சாமே. அங்க எல்லாரும் என் தங்கச்சிக்கு ஆமென் சொல்லியிருக்காங்க. கூடப்பிறந்தவ நான், பாட்டுப் புஸ்தகத்தை மூடி வச்சிட்டு சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"மழைதான்க்கா, லைன்..." என்று இழுத்தேன்.

அவர் கேட்டிருந்தால் நொறுங்கியிருப்பார் என்றுதான் அன்று கணக்குப் போட்டேன். மாமியாரைப் பற்றி என் மனைவி சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு. அந்த மாமியாரிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. ஆனாலும் அதே ஞாயிறு திரும்ப வந்தால் தம்பிக்குப் போன் போடமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. மாமியார் அப்படி இருப்பார் என்று யார் கண்டது?

தாமதத்தை 20 விநாடிக்குக் குறைக்கலாமா என்றும் யோசித்தேன். மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். கமிட்டியில் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன்: செய்தி நடுவில் கிளைக்குப் போகிற சத்தத்தை நிறுத்தலாமா, யார் சொன்னால் நிறுத்தலாம் என்று எழுத்தில் ஒன்று இருந்தால் நல்லது. ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. மூப்பர் ஒருவர் சிரித்தார். "அதுக்கெல்லாம் எதுக்குப்பா ரூல்? நீதான் இருக்கியே, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, ஏசி சர்வீஸ் பில்லை எடுத்தார்.