இழப்பீட்டுக் கணக்கில் வராதவர்கள்

தங்க நாற்கரச் சாலைக்கு நிலம் எடுத்த காலத்தில், கிருஷ்ணகிரிக்கும் வாலாஜாபேட்டைக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் வங்கி அதிகாரியாக இருந்தேன். 1999இல் வாஜ்பாய் அரசு தொடங்கிய திட்டம் அது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்க 5,846 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய முதலீட்டில் எங்கள் ஊர்ப் பங்கு எப்படி வந்தது, யார் கைக்கு வரவே இல்லை என்பதை வங்கிக் கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்தேன்.

முதலில் வந்தது நிலத்துக்கான காசோலை. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி எடுத்தார்கள். அறிவிப்பு வெளியான தேதியில் நிலத்தின் சந்தை விலை என்னவோ அதுதான் இழப்பீடு. அந்தச் சந்தை விலைக்கு ஆதாரம், பக்கத்தில் பதிவான பத்திரங்கள். எங்கள் பக்கத்தில் யார் முழு விலையைப் பத்திரத்தில் காட்டினார்கள்? முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க ஊரே விலையைக் குறைத்துப் பதிந்திருந்தது. காய்ப்பில் இருந்த தென்னந்தோப்புக்கு வந்த தொகையைப் பார்த்துப் பெரியவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். அதே நிலத்தைப் பழைய 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் எடுத்திருந்தால், கட்டாயமாக எடுப்பதற்கென்று 30 சதவீத ஆறுதல் தொகை சேர்ந்திருக்கும். நெடுஞ்சாலைச் சட்டத்தில் அன்றைக்கு அது கிடையாது. அப்படி மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2019இல். அதற்குள் அந்தப் பெரியவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பணம் வந்த வீடுகளில் பங்காளிச் சண்டையும் கூடவே வந்தது. பட்டா பல இடங்களில் தாத்தா பெயரிலேயே இருந்தது. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு, 2005இல் சட்டம் மாறும் வரை, அந்தப் பங்கு கிடையாது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. அந்தத் தங்கைகளும் பங்கு வேண்டாம் என்று எழுதி அண்ணன்மார் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீர்வரிசையாகக் கொஞ்சம் பணத்தோடு பஸ் ஏறினார்கள். இதெல்லாம் எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது. எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

வருஷா வருஷம் விளைச்சல் தந்த நிலம் ஒரே தொகையாக மாறிக் கைக்கு வந்தால் என்ன ஆகும்? கடன் அடைந்தது, கல்யாணம் நடந்தது, மாடி எழும்பியது. கொஞ்சம் உள்ளே தள்ளி வேறு நிலம் வாங்கலாம் என்று போனவர்களுக்கு, சாலை வரும் செய்தியாலேயே அங்கே விலை ஏறிப் போயிருந்தது. நிரந்தர வைப்பில் போட்டவர்கள் குறைவு. போட்டவர்களும் வட்டி விகிதம் இறங்க இறங்கத் திண்டாடினார்கள்.

நல்லதும் நடந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளின் வேன்கள் உள்கிராமங்கள் வரை வந்து பெண்களை ஏற்றிப் போக ஆரம்பித்தன. சரக்கு சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் நேரம் குறைந்தது. எங்கள் கிளைக்கே சம்பளக் கணக்கு தொடங்க இளம்பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் வீட்டிலேயே முதல் வங்கிக் கணக்கு. உலக வங்கியையும் ஹார்வர்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பின்னாளில் இந்தச் சாலையை ஆராய்ந்தபோது, அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில்தான் தொழில் வளர்ச்சி தெளிவாகத் தெரிந்தது என்று கண்டார்கள். சாலை கெடுத்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் பழைய ரோட்டை நம்பிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஜன்னலாகக் கொய்யாவும் வெள்ளரிப்பிஞ்சும் நீட்டிய பெண்கள், டீக்கடை, பஞ்சர் கடை, இரவு லாரிக்காரர்களுக்காகத் திறந்திருந்த பரோட்டாக் கடை. பைபாஸ் திறந்ததும் தொலைதூர பஸ்கள் வெளியிலேயே போய்விட்டன. நகைக்கடன் வட்டி கட்ட வந்த, கொய்யா விற்கும் ஓர் அம்மா, "பஸ்ஸே உள்ள வரலையே சார், யாருக்கு விக்கிறது?" என்று கேட்டார். அவரிடமிருந்து யாரும் ஒரு சென்ட் நிலம்கூட எடுக்கவில்லை. அதனால் அவர் பாதிக்கப்பட்டவர் என்ற கணக்கிலேயே இல்லை. குத்தகைக்கு உழுதவர்களும் தோப்பில் கூலி வேலை பார்த்தவர்களும் அன்றைக்கு அப்படித்தான் விடுபட்டார்கள்.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் குத்தகைதாரரையும், மூன்று வருஷம் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த கூலித் தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகச் சேர்த்தது. இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய அதன் விதிகள் 2015 முதல் நெடுஞ்சாலை நிலங்களுக்கும் பொருந்தும். பெரிய மாற்றம்தான். அதிலும் கொய்யா விற்ற அம்மாவுக்கு இடமில்லை, ஏனென்றால் அவர் இருந்தது எடுக்கப்படாத இடத்தில். புறவழிச்சாலைக்கு அளவுக்கல் நடும்போதே பழைய சாலைக் கடைகளையும் தள்ளுவண்டிகளையும் கணக்கெடுக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் உணவகமும் ஓய்விடமும் கட்ட ஏலம் விடும்போது, அவற்றில் சில கடைகளைக் குறைந்த வாடகைக்கு இவர்களுக்கென்று ஒதுக்கலாம். சாலைச் செலவோடு பார்த்தால் அது ஒரு தொகையே இல்லை.