எதிரில் நிற்பவர்

வடசென்னையின் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் ஏட்டு, வட்டிக்காரர், கதாநாயகியின் தாய்மாமன் என்று பல வேடங்களிலும், எல்லாவற்றையும்விட அதிகமாக ரௌடியின் கையாளாகவும் நடித்திருக்கிறேன். வடசென்னை என்றவுடனே லுங்கியையும் கத்தியையும் கொடுத்துவிடும் வழக்கம் என்னை இன்றும் வருத்துகிறது. துறைமுகத்திலும் ரயில்வே பணிமனையிலும் உழைத்து வீடு திரும்பும் மனிதர்களின் ஊர் இது. 2014-இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வியாசர்பாடி இளைஞன் ஒருவனை ஐ.டி. ஊழியனாகக் காட்டியபோது, எங்கள் தெருப் பிள்ளைகளைத் திரையில் பார்த்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

எந்த வேடமானாலும், குணச்சித்திர நடிகரின் வேலை பெரும்பாலும் வசனம் பேசாத நேரத்தில்தான் இருக்கிறது. கேட்பவரின் முகம் நம்பினால்தான் பேசுபவரின் சொல்லைப் பார்வையாளர் நம்புவார். தொடர்களில் இது கடினம். ஏறக்குறைய ஒரு எபிசோடுக்கான காட்சிகளை ஒரே நாளில் எடுத்தாக வேண்டும். வசனத் தாள் பெரும்பாலும் தளத்தில்தான் கைக்கு வரும். கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் வசனத்தை எடுத்துச் சொல்லி பிராம்ப்ட் கொடுக்க, ஒரு காது அவரிடமும் மறு காது எதிரில் இருப்பவரிடமுமாகப் பிரிந்து கிடக்கும். ஆகவே மேக்கப் நாற்காலியிலேயே வரிகளை மனப்பாடம் செய்துவிடப் பழகினேன். சக நடிகருக்கு முழுக் காதையும் கொடுப்பதை நான் அவருக்குச் செய்யும் மரியாதையாகவே கருதுகிறேன்.

அந்த மரியாதை எப்போதும் திரும்பக் கிடைப்பதில்லை. பெரம்பூர் பின்னி மில் வளாகத்தில், 1996-இல் மூடப்படும்வரை தறிகள் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு வீட்டுச் செட் போட்டிருந்தார்கள். மகன் கைதான செய்தியைக் கேட்கும் தந்தை வேடம் எனக்கு. காலையில் நாயகனின் குளோசப் எடுத்தபோது, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று என் வசனங்களை முழு உணர்ச்சியோடு சொன்னேன், கண்கூடக் கலங்கியது. மாலையில் என் முறை வந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். எங்கே பார்த்து நடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, “லுக் எங்கே தம்பி?” என்று கேட்டேன். உதவி இயக்குநர் லென்ஸுக்கு அருகே ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி, “இங்க பாருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, நாயகனின் வசனத்தைத் தாளைப் பார்த்து ஏற்ற இறக்கமின்றி வாசித்தார்.

அந்த டேப்பில் என் அம்மாவைப் பார்த்தேன். நான் சிறுவனாக இருந்தபோது, அப்பா போன படகு கரை திரும்பத் தாமதமான ஒரு நாளில், அம்மா அழாமல் கடலையே பார்த்தபடி மீன்கூடையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். நானும் மேசை விளிம்பைச் சுரண்ட நினைத்தேன். ஆனால் காலையில் காட்சி முழுவதையும் அகலமாக எடுத்த மாஸ்டர் ஷாட்டில் என் வலது கை டம்ளரைப் பிடித்திருந்தது. ஷாட்டுக்கு ஷாட் பொருந்த வேண்டிய கன்டினியூட்டி கெடக் கூடாது என்பதால் இடது கையால் சுரண்டினேன்.

சில வாரங்கள் கழித்து டப்பிங் தியேட்டரில் அந்த ஷாட்டைப் பார்த்தேன். விரல்கள் ஃபிரேமுக்குள் வரவில்லை. இடது தோள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. “வசனம் இல்லண்ணே, மூச்சு மட்டும் கொடுங்க” என்றார் ஒலிப்பதிவாளர். மைக்கின் முன் நின்று, அந்தத் தோளின் அசைவைப் பார்த்தபடியே மூச்சைக் கொடுத்தேன்.